அவரை விதையை முளை கட்டி ஊன்றுங்கள்



ஆடி பிறந்ததும் கொல்லையில் குழி எடுத்து அவரை ஊன்றுகிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதிக் குழியில் முளையைக் காணோம். "எறும்பு தின்னுடுச்சு" என்கிறோம். மறுபடி ஊன்றுவதற்குள் பட்டம் தவறிப் போகிறது. நாட்டு அவரை, பொழுது குறுகும்போது பூக்கிற கொடி. அதற்குள் அது பந்தல் ஏறியிருக்க வேண்டும். பிந்தி முளைத்தால் கொடி வளராமலே பூத்துவிடும், காய்ப்பும் குறைந்துவிடும்.

இதைத் தவிர்க்க என்ன வழி? விதையை வீட்டிலேயே முளை கட்டி, முளைத்ததை மட்டும் ஊன்றுவதுதான்.

முதலில் வண்டு துளைத்த விதை, சுருங்கிய விதைகளைப் பொறுக்கி எறியுங்கள். மீதியைச் சாயங்காலம் தண்ணீரில் போட்டு, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊற விடுங்கள். இரண்டு நாள் ஊறினால் நல்லா முளைக்கும் என்று நினைக்காதீர்கள். விதைக்கும் காற்று வேண்டும். தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மூச்சு முட்டி அழுகிவிடும். பிறகு வடித்து, ஈரத் துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்.

முளை ஓர் அரிசி நீளம் இருக்கும்போதே ஊன்றிவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் கை பட்டாலே ஒடிந்துவிடும். முதல் நாளே குழிக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, முளை கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு விரற்கடை ஆழத்தில் வைத்து, பொலபொலப்பான மண்ணால் மூடுங்கள். குழிக்கு மூன்று விதை போதும். பிறகு நல்ல செடி இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் களையலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இருபது விதை கட்டிப் பத்துதான் முளைத்ததென்றால், அது பழுதுபட்ட விதை. பட்டம் கையில் இருக்கும்போதே வேறு விதை தேடிக்கொள்ளலாம்.

தட்டைப்பயறுக்கும், மலைப் பகுதியில் பட்டாணிக்கும் இதே முறைதான். குளிரில் பட்டாணி முளைக்க நாள் கூடும், அவ்வளவே.

இரண்டு எச்சரிக்கை. மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலத்துக்கு இது ஆகாது. காய்ந்த விதை மழைக்குக் காத்திருக்கும்; முளைத்த விதை காத்திருக்காது, கருகிவிடும். மருந்து கலந்து விற்கிற விதையை வீட்டுப் பாத்திரத்தில் ஊற வைக்கவும் வேண்டாம். அதை அப்படியே ஊன்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்த ஆடியில் ஒரு பிடி விதையைக் கட்டிப் பாருங்கள்.