ஒலியின் வழியே சீன இலக்கணம்

சீன பாஷையைக் கற்கவேண்டுமென்ற ஆசையோடு பாடநூலை விரித்து, அதன் எழுத்துக்களில் பின்னிக் கிடக்கும் கோடுகளைக் கண்டு மலைத்து, அம்முயற்சியையே கைவிட்டவர்கள் அநேகர். அவர்களை மலைக்கச் செய்தது லிபியே தவிர பாஷையன்று. அந்த பாஷையின் இலக்கணமோ, ரோமன் எழுத்தில் அதை ஒலிப்படி எழுதிக் காட்டும் 'பின்யின்' முறையின் வாயிலாகவே முதலில் கற்கத்தக்கது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பின்யின் அந்நியரின் வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. நியூயார்க்கில் வங்கி அலுவல் பார்த்துவிட்டு 1949இல் தாயகம் திரும்பிய பொருளாதார அறிஞர் சௌ யூகுவாங் முதலியோர் அதை வகுத்தளிக்க, 1958 பிப்ரவரி 11ஆம் தேதி சீனாவின் தேசிய மக்கள் பேரவை அங்கீகரித்தது. சீனக் குழந்தைகளே முதல் வகுப்பில் பின்யினைப் பயின்று, அதன் துணைகொண்டுதான் எழுத்துக்களின் உச்சரிப்பை அறிகிறார்கள்.

சீனத்தில் வினைச்சொல் இடத்துக்கும் எண்ணுக்கும் காலத்துக்கும் ஏற்ப விகுதி பெற்று மாறுவதில்லை. சொற்கள் நிற்கும் வரிசையும், 'ல', 'குவோ', 'த' போன்ற இடைச்சொற்களுமே இலக்கணத்தின் பெரும்பாகத்தைச் சுமக்கின்றன. இந்த வரிசையில் தமிழருக்கு இனிய ஆச்சரியம் ஒன்று காத்திருக்கிறது. 'நான் வாங்கிய புத்தகம்' என்று எச்சத்தைப் பெயருக்கு முன்னே நிறுத்தும் நமது வழக்கமே அங்கும் வழக்கம்: 'வோ மாய் த ஷூ'. 'வோ' என்றால் நான், 'மாய்' வாங்கு, 'ஷூ' புத்தகம், வினையைப் பெயரோடு பிணைப்பது நடுவே நிற்கும் 'த'. கேள்வி கேட்பதற்கும், நாம் 'ஆ' சேர்ப்பது போல, வாக்கியத்தின் இறுதியில் 'மா' சேர்த்தால் போதும். இவற்றில் எதையும் உணர ஓர் எழுத்தின் வடிவமாவது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் தொனி அவசியம். அதே 'மாய்' என்ற சொல்லைக் குரல் தாழ்ந்து எழும் மூன்றாம் தொனியில் சொன்னால்தான் வாங்குதல்; மேலிருந்து சட்டென்று இறங்கும் நான்காம் தொனியில் சொன்னாலோ விற்றல்; தொனி பிசகிய மாத்திரத்தில் நான் வாங்கிய புத்தகம் நான் விற்ற புத்தகமாகிவிடும். பின்யினில் இந்த பேதத்தைக் காட்டுவது உயிரெழுத்தின் தலைமேல் இடும் சிறு குறியே. அதை அச்சிடாமல் விட்டுவிடும் பாடநூல் மாணவனுக்குப் பெரிய துரோகம் செய்கிறது.

பின்யினுக்கு மற்றொரு குணமும் உண்டு. சீன எழுத்துக்கள் சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி ஒரே சீராக ஓடுகின்றன; 'நான் நூலகத்துக்குப் போகிறேன்' என்பது ஐந்து எழுத்துக்கள். அதையே பின்யினில் 'வோ ச்சூ தூஷூகுவான்' என்று எழுதும்போது, கடைசி மூன்று அசைகளும் சேர்ந்து ஒரே சொல்லாகி நூலகத்தைக் குறிப்பது கண்ணுக்கே புலனாகிறது. எழுத்திலோ படம், புத்தகம், மாளிகை என்று அவை தனித்தனியே நின்று புதியவனைத் திகைக்கவைக்கும்.

ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கள் இருப்பதால் பின்யின் குழப்பம் விளைவிக்கும் என்பார் உண்டு. அவர்கள் எடுத்துக்காட்டுவது, 'ஷி' என்ற ஓசையை மட்டுமே கொண்டு மொழியியலறிஞர் சாவ் யுவான்ரென் புனைந்த சிங்கக் கதையை. அது பண்டைய இலக்கிய நடையில் அமைந்தது. அந்த நடையை இன்று எவரும் பேசுவதில்லை. அந்த சாவ் அவர்களே, ரோமன் எழுத்தில் அமைந்த தமது பாடநூலை 1948இல் வெளியிட்டவர். கிர்கிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் வாழும் துங்கான் மக்கள் பேசுவது வடசீன மொழியின் ஒரு கிளையே. அதை அவர்கள் ரஷ்ய லிபியில், தொனிக்குறிகூட இல்லாமல் எழுதிப் பத்திரிகையும் கவிதையும் படைத்திருக்கிறார்கள். தாய்மொழியாளருக்குக் குறி வேண்டுவதில்லை, நமக்கு வேண்டும் என்பதே வித்தியாசம்.

சீனாவின் செய்தித்தாளையும் கடைப்பலகையையும் படிக்க எழுத்து வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, வரிசையையே வற்புறுத்துகிறேன். ஜான் டிஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க அறிஞர், தொடக்கநிலை மாணவருக்கான தமது பாடநூலின் 1963ஆம் ஆண்டுப் பதிப்பைப் பின்யினில் அமைத்து, அப்பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தனி நூலாகத் தந்தார். அவ்வாறு பயில்பவன் ஓர் எழுத்தைச் சந்திக்கும்போது, அதன் ஒலியும் பொருளும் வாக்கியத்தில் அதற்குரிய இடமும் முன்பே அவன் வசமாயிருக்க, வடிவம் ஒன்றே எஞ்சி நிற்கிறது. பேச்சில் ஒன்றேயான 'த', பெயருக்கு முன் ஒரு வடிவமும், வினைக்கு முன் ஒரு வடிவமும், வினைக்குப் பின் வேறொரு வடிவமுமாக எழுத்தில் மூன்றாகப் பிரிவதைக் கற்க, அதுவே தக்க தருணம்.