வெயிட்டிங் லிஸ்ட் சொல்லும் கணக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும். டிக்கெட் எடுக்கப் போனால் "வெயிட்டிங் லிஸ்ட் 80" என்று வருகிறது. "இது கிடைத்த மாதிரிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டுகிறோம். மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களில் இந்த அனுபவம் இல்லாதவர்கள் மிகக் குறைவு.

நமக்கு ஏமாற்றமாகத் தெரியும் அந்த 80, ரெயில்வே அதிகாரியின் மேஜைக்குப் போனால் ஒரு தகவல் ஆகிவிடுகிறது. கூடுதல் பெட்டி இணைப்பதா, சிறப்பு ரெயில் விடுவதா என்ற யோசனை அங்கே இருந்துதான் தொடங்குகிறது.

ரிஜிஸ்டர் காலம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ஒவ்வொரு ரெயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனி ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டர் எந்தக் கவுண்ட்டரில் இருக்கிறதோ, அங்கேதான் அந்த ரெயிலுக்கு டிக்கெட். வரிசை மாறி நின்றவருக்கு அரை நாள் வீண். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் தந்தி போக வேண்டும், பதில் வர வேண்டும்.

இது பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். நிர்வாகம் பட்ட கஷ்டம் பலருக்குத் தெரியாது. "தீபாவளிக்கு எத்தனை பேர் இடம் இல்லாமல் நிற்கிறார்கள்?" என்று மேலதிகாரி கேட்டால், குமாஸ்தா ரிஜிஸ்டர்களைப் புரட்டி எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் தீபாவளியே முடிந்துவிடும்!

1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. 1987-ல் மும்பை, கொல்கத்தா, சென்னைக்கு வந்தது. எந்தக் கவுண்ட்டரிலும் எந்த ரெயிலுக்கும் டிக்கெட் என்றானது. ஆனாலும் ஒவ்வொரு மையமும் தனித்தனியாகவே இருந்தது. 1999-ல்தான் எல்லா மையங்களும் ஒன்றாக இணைந்தன. 2002-ல் இன்டர்நெட் டிக்கெட் வந்தது.

ஒரே பதிவு, பல பார்வை

நாம் டிக்கெட் எடுக்கும்போது பதிவாவது ஒரு வரிதான். எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி, எந்த வகுப்பு. கவுண்ட்டரில் இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும். கோட்ட அதிகாரிக்கு அந்த ரெயிலின் மொத்த நிலவரம் வேண்டும். ரெயில்வே வாரியத்துக்கோ, பல மாதக் கணக்கைப் பார்த்து "இந்தத் தடத்துக்குப் புதிய ரெயில் தேவையா?" என்று முடிவு எடுக்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் கடையிலும் இதே கதைதான். பில் போடும் பையனுக்கு ஒரு பில், முதலாளிக்கு மாத விற்பனை.

வெயிட்டிங் லிஸ்ட் நீளமாக இருந்தால் மட்டும் உடனே பெட்டி வந்துவிடாது. இந்தக் கூட்டம் ஒருநாள் கூட்டமா, வாராவாரம் வருகிறதா? எந்த ஊர்க்காரர்கள் அதிகம்? பெட்டியைச் சேர்த்தால் பிளாட்பாரத்தின் நீளம் போதுமா? உபரிப் பெட்டி கையில் இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விக்கு முன்பதிவுக் கணக்கு பதில் தரும். மற்றவை அதிகாரி விசாரித்து அறிய வேண்டியவை. கம்ப்யூட்டர் முடிவு எடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கையெழுத்து மனிதருடையதுதான்.

இடம் ஒதுக்குவதிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஒரு ரெயில் 30 ஊர்களில் நிற்கிறது என்று வையுங்கள். ஏறும் ஊர், இறங்கும் ஊர் என்று ஜோடி சேர்த்தால் 435 வகைப் பயணம் வரும். நாகர்கோவில் ரெயிலில் ஒரு படுக்கையை மும்பையில் இருந்து சோலாப்பூர் வரைக்கும் கொடுத்துவிட்டால், அதே படுக்கைக்குக் காத்திருந்த நெல்லைக்காரர் வெளியே நிற்பார். சோலாப்பூருக்கு அப்பால் அது காலியாகவே ஓடினாலும் ஓடும். அதனால்தான் இன்ன தூரத்துக்கு இத்தனை இடம் என்று கோட்டா வைக்கிறார்கள். போன ஆண்டுகளின் கணக்கு கையில் இல்லாமல் அதைப் பிரிப்பது இருட்டில் துழாவுவதுதான்.

120 நாள், 60 நாள் ஆனது

கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு ஒன்று நம் எல்லோரையும் தொட்டது. 120 நாட்களுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்று இருந்ததை, 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைத்தார்கள். 61 முதல் 120 நாட்களுக்கு முன்பு எடுத்த டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தாகின்றன, சுமார் 5 சதவீதம் பேர் ரத்தும் செய்யாமல் பயணமும் போகாமல் இருக்கிறார்கள் என்று ரெயில்வே காரணம் சொன்னது. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கும் தொழிலாளிக்கு இதில் லாபம். நான்கு மாதத்துக்கு முன்பே திட்டம் போட்ட குடும்பஸ்தருக்கு எரிச்சல்.

2020 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. காத்திருப்போர் அதிகமாக இருந்த தடங்களைப் பார்த்து, 40 'குளோன்' ரெயில்களை விட்டார்கள்.

கணக்கில் வராதவர்கள்

இனிதான் முக்கியமான விஷயம். பதிவானவரைத்தான் கணக்குக் காட்டும். வெயிட்டிங் லிஸ்ட் நிரம்பி "இடமில்லை" என்று வந்ததும் பஸ்சுக்குப் போனவர், முன்பதிவுக் கணக்கில் இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை ஓரம் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த கட்டிடத் தொழிலாளியும் அதில் இல்லை. அவர் எடுத்த சாதாரண டிக்கெட்டும் கம்ப்யூட்டரில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் எந்த ரெயிலில் ஏறினார் என்பது பொதுவாக அதில் தெரியாது. நெருக்கடி அதிகம் அங்கே, தகவல் குறைவும் அங்கே!

பலர் புனே வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு டிக்கெட் என்று துண்டு துண்டாக எடுக்கிறார்கள். கணக்கில் அவர்கள் புனே பயணிகள். நெல்லைக்குப் போகிறவர் நெல்லைக்கே டிக்கெட் எடுத்தால்தான் நெல்லைக்குத் தேவை இருப்பது பதிவில் ஏறும்.

தமிழ்ச் சங்கங்கள் மனு கொடுக்கும்போதும் "கூட்டம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால், பரிசீலிக்கிறோம் என்ற பதிலோடு நின்றுவிடும். எந்த ரெயில், எந்தத் தேதி, எந்த வகுப்பு, வெயிட்டிங் லிஸ்ட் எத்தனை என்று ஒரு மாதக் கணக்கை எழுதி இணைத்தால், அதிகாரி தன் கணக்கோடு ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு ரெயில்வே கோட்டத்திலும் ரெயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழு இருக்கிறது. மனுவின் ஒரு பிரதியை அதன் உறுப்பினரிடமும் கொடுக்கலாம். முன்பதிவில்லாப் பெட்டிக்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. அங்கே எத்தனை பேர் நின்றுகொண்டே போகிறார்கள் என்பதைச் சங்கத்து இளைஞர்களே பிளாட்பாரத்தில் நின்று எண்ணி, தேதி போட்டு எழுதலாம்.