‘உயிருக்கு ஆபத்து, செய்ய மாட்டேன்’னு சொன்னா மெமோ கொடுக்கலாமா?

‘‘மேல ஏறு, அஞ்சு நிமிஷ வேலைதானே!’’, ‘‘டேங்க்ல இறங்கிப் பார்த்துட்டு வந்துடு!’’ - வேலையிடத்தில் இப்படி ஓர் உத்தரவு வரும்போது மனசு ‘திக்’கென்றிருக்கும். ஆனால், மறுத்தால் ‘கீழ்ப்படியவில்லை’ என்று மெமோ வருமோ, வேலையே போய்விடுமோ என்ற பயம் வாயை அடைத்துவிடும். மறைமலை நகர் ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் மாமல்லபுரம் ரிசார்ட்டில் பராமரிப்பு வேலை பார்ப்பவருக்கும் இருப்பது இதே பயம்தான். சட்டம் என்ன சொல்கிறது, மறுப்பதாக இருந்தால் எப்படி மறுப்பது? பார்க்கலாம்.

கல்பாக்கத்தில் நடந்தது

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் இருக்கிறது கல்பாக்கம். அங்குள்ள அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையில், 2003 ஜனவரி 21 அன்று ஊழியர்கள் கழிவுத் தொட்டியிலிருந்து சாம்பிள் எடுத்தார்கள். குறைந்த கதிர்வீச்சுள்ள கழிவு என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு அதில் கலந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவியும் அந்த இடத்தில் இல்லை. சாம்பிள் லேபுக்குப் போன பிறகுதான் விஷயமே புரிந்தது. 6 பேர், அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தார்கள்.

ஊழியர் சங்கம், முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது உட்பட 10 கோரிக்கைகளை நிர்வாகத்துக்கு எழுதியது. பலன் இல்லை. கடைசியில் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர்களில் சிலர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். மற்றவர்களுக்கும் அதே கதிதான் என்று எச்சரிக்கை வர, எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். விஷயம் பத்திரிகைகளில் வெளியான பிறகுதான் நிர்வாகம் விபத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அப்போதும், ஊழியர்கள் ‘அதிக ஆர்வத்தில்’ தவறாக முடிவெடுத்துவிட்டார்கள் என்றே விளக்கம் சொன்னது.

கவனித்தீர்களா? ‘பாதுகாப்பு இல்லை’ என்று வேலையை நிறுத்தினால் நடவடிக்கை. சொன்ன வேலையைச் செய்து அடிபட்டால், ‘உன்னை யார் இவ்வளவு ஆர்வமா செய்யச் சொன்னது?’ என்ற கேள்வி. அதனால்தான், ஆபத்தை முன்கூட்டியே பதிவு செய்துவைப்பது அவ்வளவு முக்கியம்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்?

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41ஹெச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான ரசாயனங்கள் போன்றவற்றைக் கையாளும் ஆலைகளில், ‘உடனடி ஆபத்து இருக்கிறது’ என்று தொழிலாளி எச்சரிக்கலாம் என்றது அது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14-வது பிரிவு, இந்த உரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் விரித்திருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடம் சொல்லலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும். ‘ஆபத்தெல்லாம் இல்லை’ என்று அவர் நினைத்தாலும், விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆய்வாளர் சொல்வதுதான் முடிவு.

ஆனால், ‘அதுவரை வேலை செய்யாமல் இருக்கலாம், அதற்காகத் தண்டிக்கக் கூடாது’ என்று இந்தப் பிரிவு நேரடியாகச் சொல்லவில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ம் ஆண்டு உடன்படிக்கை எண் 155, உடனடி ஆபத்திலிருந்து விலகும் தொழிலாளியைப் பாதுகாக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. 1974-ல் ஒஹாயோவில் இருந்த வேர்ல்பூல் ஆலையில், உயரத்தில் கட்டியிருந்த கம்பிவலையிலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். இரண்டே வாரத்துக்குள் அதே வலையில் ஏறச் சொன்னபோது, இரண்டு பேர் மறுத்தார்கள். மீதி 6 மணி நேரச் சம்பளம் கட், கூடவே எழுத்துபூர்வக் கண்டனம். அப்படி மறுக்கும் உரிமையைத் தரும் விதி செல்லும் என்று 1980-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் ஊரிலும் ஒரு பிடி இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் நிலையாணைகளில் ‘கீழ்ப்படியாமை’ குற்றம்தான். ஆனால் மாதிரி நிலையாணைகள் சொல்வது, ‘சட்டப்படியான, நியாயமான’ உத்தரவை வேண்டுமென்றே மீறுவதைத்தான். பெல்ட் கொடுக்காமல் உயரத்தில் ஏறச் சொல்வது நியாயமான உத்தரவா? உள்விசாரணையில் உங்கள் தரப்பு வாதமே இதுதான்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் இன்னும் தெளிவு. பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் கொடுக்காமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே மறுப்பவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இறங்கச் சொல்பவர்தான் மீறுகிறார்.

எப்படி மறுப்பது?

* ‘முடியாது’ என்று மட்டும் சொல்லாதீங்க. ‘பெல்ட் கொடுத்தா உடனே ஏறுறேன், அதுவரைக்கும் வேற வேலை கொடுங்க’ன்னு சொல்லுங்க. நீங்கள் மறுப்பது வேலையை அல்ல, ஆபத்தை என்பது இதில் தெளிவாகிவிடும்.

* வாயால் சொன்னதை அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். தேதி, நேரம், இடம், என்ன குறை, யாரிடம் சொன்னீர்கள்... இவ்வளவும் இருந்தால் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்கூட உதவும்.

* பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் உறுப்பினருக்கும், கூடவே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தகவல் கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால், காண்ட்ராக்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

* பஞ்ச் அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ‘சொல்லாமல் போய்விட்டார்’ என்று வழக்கு திசைமாறிவிடும்.

* எல்லோரும் பேசிவைத்து ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினால், அது வேலைநிறுத்தமாகக் கருதப்படலாம். புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சங்கத்தைக் கலக்காமல் இறங்க வேண்டாம்.

மெமோ வந்தேவிட்டால் பதறாதீர்கள். வெற்றுத்தாளிலோ மன்னிப்புக் கடிதத்திலோ கையெழுத்துப் போட வேண்டாம். கொடுத்த கெடுவுக்குள், முன்பு அனுப்பிய மெசேஜின் நகலோடு பதில் எழுதுங்கள். சஸ்பெண்ட் செய்து விசாரித்தால், நிலையாணைகளின் கீழ் வரும் தொழிலாளிக்கு முதல் 90 நாள்களுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும். வேலையைவிட்டே நீக்கினால், தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் தனி ஆளாகவே முறையிடலாம்.

உள்விசாரணையில் பெரும்பாலும் மேலதிகாரியின் வார்த்தைக்கு எதிராகத் தொழிலாளியின் வார்த்தை மட்டும்தான் நிற்கும். பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் ‘ஆமா, அன்னைக்கு பெல்ட் இல்லை’ என்று சொன்னால் வழக்கே மாறிவிடும். எனவே, அடுத்த முறை உங்கள் பக்கத்தில் நிற்பவர் ‘ஏற மாட்டேன்’ என்றால், ‘வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான்’ என்று சிரிக்காதீர்கள். என்ன பார்த்தீர்களோ, அதை நீங்களும் எழுதிவையுங்கள்.