ஆபத்துக் காலத்தில் ஓர் ஊர் வானொலி

உங்கள் ஊரில் மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு. தெருவில் இடிபாடுகள். தொலைபேசியை எடுத்தால் சத்தமே இல்லை. குடிநீர் லாரி எந்தத் தெருமுனைக்கு, எத்தனை மணிக்கு வரும்? கிணற்று நீரைக் குடிக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு யார் விடை சொல்வார்கள்? நாடு முழுவதற்கும் பேசும் பெரிய வானொலி நிலையத்துக்கு உங்கள் தெருமுனையைப் பற்றிப் பேச நேரம் இராது. அது பூகம்பத்தின் அளவையும் இறந்தவர் எண்ணிக்கையையும் சொல்லும். அவை வெளியூரில் இருப்பவருக்குத் தேவையான செய்திகள். உள்ளே அகப்பட்டுக் கொண்டவருக்கு வேண்டியது லாரி வரும் நேரம்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் காலை 5 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியபோது இதுதான் நடந்தது. இறந்தோர் 6,434 பேர். நகரின் நாகாதா வட்டாரத்தில் பல பகுதிகள் தீக்கிரையாயின. அங்கே செயற்கைத் தோலில் செருப்புத் தைக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றில் வேலை செய்தவர்களில் கொரியர்களும், அகதிகளாக வந்த வியட்நாமியர்களும் மிகுதி. புகலிடத்துக்கு ஜப்பானிய மொழியில் 'ஹினாஞ்ஜோ' என்று பெயர். அன்றாடப் பேச்சில் புழங்காத இச்சொல் வியட்நாமியத் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? ஒலிபெருக்கியில் 'ஹினாஞ்ஜோவுக்குச் செல்லுங்கள்' என்று கூவினால் அது அவர் காதில் விழும், மனத்தில் ஏறாது.

கொரியர்களுக்கு இன்னோர் அச்சமும் இருந்தது. 1923இல் டோக்கியோ வட்டாரத்தைப் பூகம்பம் அழித்தபோது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அதை நம்பிய கும்பல்கள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அப்போது ஜப்பானில் வானொலி ஒலிபரப்பே கிடையாது. அது தொடங்கியது 1925இல்தான். செய்தி இல்லாத வெற்றிடத்தை வதந்தி எவ்வளவு விரைவாக நிரப்பும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

கோபே பூகம்பம் நடந்து இரண்டு வாரம் முடிவதற்குள், ஜனவரி 30ஆம் நாள், நாகாதாவில் ஒரு குட்டி வானொலி கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் பேசத் தொடங்கியது. பெயர் 'எஃப்.எம். யொபொசெயோ'. தொலைபேசியை எடுத்ததும் நாம் 'ஹலோ' என்கிறோமே, அதற்குக் கொரியச் சொல் யொபொசெயோ. ஏப்ரலில் தாகாதோரி மாதா கோயில் வளாகத்திலிருந்து வியட்நாமியம் உள்ளிட்ட பல மொழிகளில் 'எஃப்.எம். யூமென்' பேசியது. ஜூலை 17 அன்று இரண்டும் இணைந்து 'எஃப்.எம். வைவை' ஆயின. முதலில் எதற்கும் உரிமம் இல்லை. பூகம்பத்தின் முதலாண்டு நினைவு நாளில், 1996 ஜனவரி 17இல், சமுதாய வானொலியாக உரிமம் கிடைத்தது.

இத்தனை விரைவில் ஒரு வானொலி நிலையத்தை நிறுவ முடியுமா என்று நீங்கள் வியக்கலாம். இதிலுள்ள இயற்பியல் எளியது. எஃப்.எம். வைவையின் அதிர்வெண் 77.8 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 3.86 மீட்டர் என்று கிடைக்கும். ஏரியலின் நீளம் அலைநீளத்தில் பாதி இருந்தால் போதும். அதாவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஒரு மாடியில் மூங்கிலை நட்டுக் கட்டிவிடலாம். மத்திய அலை நிலையங்களுக்கோ வானளாவிய கோபுரமும் பரந்த வெளியும் வேண்டும்.

மின்திறன்? ஜப்பானில் 1992இல் சமுதாய வானொலிகளை அனுமதித்தபோது உச்சவரம்பு 1 வாட். ஒரு டார்ச் பல்புக்குச் செலவாகும் திறனே அவ்வளவுதான்! 1995இல் இது 10 வாட்டாகவும் 1999இல் 20 வாட்டாகவும் உயர்ந்தது. ஒலிபரப்பி, ஒலிக்கலவைப் பெட்டி எல்லாம் சேர்ந்து 60 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். 12 வோல்ட் கார் பாட்டரியிலிருந்து அது 5 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணி பாட்டரி கணக்குப்படி 12 மணி நேரம் தாங்கும். பாட்டரியை முழுக்க வற்றவிடக் கூடாது என்பதால் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வரலாம். கேட்பவருக்கோ டிரான்சிஸ்டரும் இரண்டு பாட்டரிக் கட்டைகளும் போதும்.

'எல்லோர் கையிலும் மொபைல் இருக்கிறதே, இது எதற்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தொலைபேசியில் ஒவ்வோர் அழைப்பும் தனக்கென ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளும். எல்லாச் சந்தாதாரர்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்று எந்த நிறுவனமும் இணைப்பகத்தை அமைப்பதில்லை. ஆபத்து வேளையில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். 2011 மார்ச் 11 பூகம்பத்தின்போது ஜப்பானிய மொபைல் நிறுவனங்கள் நெரிசலுக்கு அஞ்சி, குரல் அழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை தாங்களே தடுத்து நிறுத்தின. வானொலியில் இந்தத் தொல்லை இல்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்குச் சுமை ஒன்றே. மழையில் நனைய ஆள் கூடினால் மழை குறைந்துவிடுகிறதா?

எட்டும் தொலைவு குறைவு என்பது உண்மை. திறந்த வெளியில் ஏற்பியை அடையும் அலையின் வலிமை அப்படியே இருக்கத் தொலைவை இரட்டிப்பாக்கினால், திறனை நான்கு மடங்காக்க வேண்டும். மேலும் இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. குன்றும் பெருங்கட்டடமும் மறைக்கும். ஆனால் இந்தக் குறையே ஒரு வசதி. எஃப்.எம். ஏற்பியில் ஒரே அதிர்வெண்ணில் இரு நிலையங்கள் வந்தால், வலிமையானது மற்றதை அடக்கிவிடும். ஆகவே சற்றுத் தள்ளி உள்ள மற்றோர் ஊர் அதே அதிர்வெண்ணைத் தன் பாட்டுக்குப் பயன்படுத்தலாம்.

2011க்குப் பின் வடகிழக்கு ஜப்பானில் ஏறத்தாழ 30 தற்காலிகப் பேரிடர் நிலையங்கள் இயங்கின. நகராட்சி தொலைபேசியில் கேட்டாலே உரிமம், காகிதங்கள் பிறகு. ஃபுக்குஷிமா அணு உலைக்கு அருகிலுள்ள மினாமிசோமாவில் 'ஹிபாரி எஃப்.எம்.' தெருத்தெருவாகக் கதிர்வீச்சு அளவுகளை வாசித்தது. ஹிபாரி என்றால் வானம்பாடி.

எல்லாம் வெற்றிக்கதையே அல்ல. ஆபத்து வந்தபின் தொடங்கும் நிலையத்தின் அதிர்வெண் யாருக்கும் தெரியாது. சுவரொட்டி ஒட்டித்தான் சொல்ல வேண்டும். நாள்தோறும் மீன் விலையும் பள்ளி விழாவும் பேசிய குரலாக இருந்தால் கேட்பவர் தாமே தேடித் திருப்புவார். அப்படி ஓயாமல் பேசப் பணமும் ஆளும் வேண்டும். எஃப்.எம். வைவையே 2016இல் வான்வழி ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. இணையம் அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எனக்கு உண்டு.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டுக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. வழக்கமான வரம்பு 100 வாட் வீச்சுத் திறன், 30 மீட்டர் ஏரியல் உயரம். 2016இல் பாம்பனில் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 மெகாஹெர்ட்ஸில் மீனவர்களுக்காகப் பேசுகிறது; வானிலையும் அதில் உண்டு. கடலில் இந்த வரம்பு எதுவரை செல்லும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோ மீட்டரில் வரும். 30 மீட்டர் கம்பத்துக்கு 22.6, படகில் இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள டிரான்சிஸ்டருக்கு 5.8. கூட்டினால் 28 கிலோ மீட்டர் சொச்சம். நடைமுறையில் இதைவிடக் குறைவே. அதற்கும் அப்பால் போகும் விசைப்படகுக்குச் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தி எட்டும்.