25 வருஷம் பீரோவில் வைத்தால் விஸ்கிக்கு வயசு கூடுமா? பாட்டில் மேல இருக்கிற நம்பருக்கு என்ன அர்த்தம்?

வீட்டில் குழந்தை பிறந்த சந்தோஷத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு ‘12 இயர்ஸ்’ சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கி வருகிறார். "கல்யாணத்துக்கு எடுத்துக்கலாம்" என்று அது பீரோவுக்குள் போகிறது. 25 வருஷம் கழித்து அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் நடக்கும்போது பாட்டிலைத் திறந்தால், உள்ளே இருப்பது 37 வருஷ விஸ்கியா?

இல்லை. அன்றைக்கும் அது 12 வருஷ விஸ்கிதான்.

பழசாக ஆக ருசி கூடும் என்ற பேச்சு ஒயினைப் பார்த்து வந்தது. சில ஒயின்கள் பாட்டிலுக்குள்ளேயும் மாறிக்கொண்டே இருக்கும். விஸ்கி அப்படியல்ல. பீப்பாயை விட்டு கண்ணாடிக்கு வந்த நாளோடு அதன் வயசு நின்றுவிடும்.

அப்போ வயசு எங்கே ஏறுது?

சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் வைத்து, ஒரே டிஸ்டில்லரியில் செம்புக் கலத்தில் காய்ச்சி வடித்தது. ‘சிங்கிள்’ என்பது அந்த ஒரே டிஸ்டில்லரியைத்தான் குறிக்கிறது, ஒரே பீப்பாயை அல்ல. வடித்து எடுக்கும்போது அது பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். நிறமும் வாசனையில் பெரும்பகுதியும் ஓக் மரப் பீப்பாயில் இருந்து வருபவை. அமெரிக்க போர்பன் இருந்த பழைய பீப்பாய் என்றால் வெனிலா, தேங்காய் வாசனை. ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி இருந்த பீப்பாய் என்றால் உலர்திராட்சை, பேரீச்சம்பழ வாசனை.

ஸ்காட்லாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2009 விதிகளின்படி, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் இருந்தால்தான் அது ஸ்காட்ச். பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்ததிலேயே மிக இளையதற்கு 12 வயசு என்று பொருள். 20 வருஷச் சரக்கோடு 11 வருஷச் சரக்கை ஒரு ஸ்பூன் கலந்தாலும் லேபிளில் 11-க்கு மேல் போட முடியாது.

நிறத்தைப் பார்த்து வயசைச் சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நிறத்துக்காக கேரமல் சேர்க்க அதே விதிகள் அனுமதிக்கின்றன.

விலை ஏன் இப்படி ஏறுது?

பீப்பாயில் இருக்கும்போதே விஸ்கி ஆவியாகிக் குறையும். இதை ‘தேவதைகளின் பங்கு’ என்று செல்லமாகச் சொல்வார்கள். குளிரான ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2%. அந்தக் கணக்கில் 200 லிட்டர் ஊற்றினால் 18 வருஷம் கழித்து ஏறக்குறைய 139 லிட்டர் மிஞ்சும். பெங்களூருவில் இந்த இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டும் என்கிறார்கள். 10% என்றே வைத்தாலும், அங்கே அதே 18 வருஷத்தில் 30 லிட்டர்தான் மிஞ்சும்!

அதனால்தான் 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே போய் அறிமுகமான பெங்களூரு ‘அம்ருத்’ போன்ற இந்திய சிங்கிள் மால்ட்களில் பெரிய நம்பரைப் பார்ப்பது அபூர்வம். வெயிலில் மரத்தின் வேலை சீக்கிரம் நடந்துவிடுகிறது. நம்பர் இல்லை என்பதால் மட்டம் என்று ஒதுக்குவது சரியில்லை. ரொம்ப வருஷம் ஊறி, மரக்கசப்பு ஏறிய விஸ்கியும் உண்டு.

நம்பர் மோகத்துக்கு ஒரு உதாரணம். 2017-ல் சுவிட்சர்லாந்து ஓட்டல் ஒன்றில் 1878-ம் ஆண்டு விஸ்கி என்று நம்பி, ஒரு சின்ன கிளாஸுக்குச் சுமார் 10,000 சுவிஸ் பிராங்க் கொடுத்தார் ஒரு வாடிக்கையாளர். கார்பன் பரிசோதனையில் அது பெரும்பாலும் 1970-72-ல் தயாரானது என்று தெரிந்தது. ஓட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிள்ளை பிறந்த வருஷத்துச் சரக்குதான் வேண்டும் என்று தேடுபவர்கள், வடித்த வருஷம், பாட்டிலில் அடைத்த வருஷம் இரண்டும் லேபிளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வயசு. பில் இல்லாத பழைய பாட்டில் என்றால் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

விசேஷ நாளுக்கு எடுத்து வைப்பது எப்படி?

பாட்டிலைப் படுக்க வைக்கக் கூடாது. ஒயினைப் படுக்க வைப்பார்கள். விஸ்கியில் ஆல்கஹால் அதிகம் என்பதால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பல வருஷமான கார்க் திறக்கும்போது உடையலாம். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, பாட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றினால் போதும், ருசி கெடாது.

ருசி பார்க்க 25 மில்லி தாராளம். அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் உள்ள கிளாஸில் வாசனை தங்கும். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் நெடிதான் ஏறும். வாயை லேசாகத் திறந்தபடி, கொஞ்சம் தள்ளி வைத்து முகர வேண்டும். முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். ருசி தெரிவது இரண்டாவது மிடறில். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் சேரும்போது புகைவாசனை தரும் குவாயகால் என்ற மூலக்கூறு மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும். சோடா, கோலா எல்லாம் வேறு பாட்டிலுக்கு!

குறைந்தது 40% ஆல்கஹால், பீப்பாயில் இருந்து அப்படியே அடைத்ததில் 60% வரைகூட இருக்கும். ஊற்றுவதற்கு முன் லேபிளைப் பார்ப்பது அவசியம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மிச்சம் இருந்தால் மறுபடி பீரோவில் வைத்துப் பல வருஷம் காக்க வைப்பதில் பிரயோஜனம் இல்லை. திறந்த பாட்டிலில் சரக்கு குறையக் குறைய காற்று கூடும். மாதங்கள் போகப் போக வாசனை மங்கும். பாதிக்குக் கீழே போய்விட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி வைக்கலாம்.