கூடவே எடுத்துப் போக ஒரு நினைவு

செத்த பிறகு சொர்க்கமா, நரகமா என்று பாவ புண்ணியக் கணக்குப் பார்க்கும் கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஜப்பானியப் படத்தில் கணக்கும் கிடையாது, தண்டனையும் கிடையாது. கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து எந்த ஒரு நினைவை உங்களோடு எடுத்துப் போகப் போகிறீர்கள்?"

ஹிரோகாசு கொரே-எடா என்ற டைரக்டர் 1998-ல் எடுத்த படம் இது. 'ஆஃப்டர் லைஃப்' என்று வெளிநாடுகளில் பெயர். சாவைப் பற்றிய படமாச்சே என்று பயந்துவிடாதீர்கள். பேய், பிசாசு, ஒப்பாரி எதுவும் இல்லை!

பழைய பள்ளிக்கூடம் மாதிரி ஒரு கட்டடம். திங்கட்கிழமை, இறந்துபோன 22 பேர் அங்கே வந்து சேருகிறார்கள். ஊழியர்கள் எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிறார்கள். புதன்கிழமைக்குள் ஒரு நினைவைச் சொல்லிவிட வேண்டும். அதை ஊழியர்களே குட்டி சினிமாவாக எடுத்துத் தருவார்கள். விமானம் மேகத்துக்குள் பறக்க வேண்டுமா? பஞ்சை மேகமாக்கித் தொங்க விடுகிறார்கள்! சனிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்ததும் அவரவர் அந்த நினைவிலேயே கலந்துவிடுவார்கள். மற்றதெல்லாம் மறந்து போகும்.

படம் எடுக்குமுன் சுமார் 500 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார் டைரக்டர். அவர்களில் சிலர் படத்திலும் வந்து சொந்த நினைவையே சொல்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, நடிப்பு மாதிரியே தெரிவதில்லை. ஒரு பாட்டி 1923-ல் வந்த பெரிய பூகம்பத்தின்போது சின்னக் குழந்தை. அத்தனை அழிவுக்கு நடுவே அவருக்கு நினைவிருப்பது, மூங்கில் தோப்பில் ஊஞ்சல் ஆடியதும், அங்கே சாப்பிட்ட சோற்று உருண்டையும்தான்! ஒரு பள்ளிக்கூடப் பெண் முதலில் டிஸ்னிலாண்ட் போனதைச் சொல்கிறாள். அப்புறம் யோசித்து மாற்றிக் கொள்கிறாள். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது, துவைத்த துணியின் வாசனை... அது போதுமாம் அவளுக்கு.

எனக்கு ஒரு இடத்தில் மனசு ஒப்பவில்லை. ஒன்றை எடுத்துக் கொண்டால் மற்றது போய்விடுமே! கல்யாண நாளை எடுத்தால் பெற்ற பிள்ளைகளை மறக்கணும். பிள்ளைகளை எடுத்தால் பெற்றவளை மறக்கணும். எந்தப் பெண்ணால் முடியும், சொல்லுங்கள்?

இதற்கு மொச்சிசுகி என்ற ஊழியரின் கதையில் பதில் இருக்கிறது. அவர் இரண்டாம் உலகப் போரில் இளம் வயதிலேயே இறந்தவர். எந்த நினைவையும் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்தான் அங்கே ஊழியராகிறார்கள். அவரிடம் வதனாபே என்ற முதியவர் வருகிறார். ஆபீஸ், வீடு என்று சாதாரணமாக வாழ்ந்தவர். ஒன்றுமே தோன்றவில்லை அவருக்கு. வருஷத்துக்கு ஒன்றாக 71 வீடியோ டேப்புகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்தால், வதனாபேயின் காலஞ்சென்ற மனைவி மொச்சிசுகிக்கு நிச்சயம் செய்திருந்த பெண்! கடைசியில் வதனாபே எடுத்துக் கொள்வது, வயதான காலத்தில் மனைவியோடு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை. அந்த அம்மாள் தன் முறை வந்தபோது தேர்ந்தெடுத்ததும் ஒரு பெஞ்சைத்தான். ஆனால் பக்கத்தில் இருப்பது, போருக்குப் போகுமுன் மொச்சிசுகி!

தன்னிடம் சந்தோஷமான நினைவே இல்லை என்று ஐம்பது வருஷம் இருந்தவருக்கு, இன்னொருத்தர் சந்தோஷத்தில் தான் இருந்தது அப்போதுதான் தெரிகிறது. நாம் எதை எடுத்துப் போகிறோம் என்பது மட்டுமல்ல, யாருடைய நினைவில் நாம் இருக்கிறோம் என்பதும் நம் வாழ்க்கைதான். சோற்றை உருட்டிக் கொடுத்த கையும், துணி வாசனையோடு கிடைத்த மடியும் அப்படித்தானே?

நினைவு என்பது உடம்பையும் சேர்ந்த விஷயம். 1996-ல் இதே டைரக்டர் ஒரு செய்திப் படம் எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது உடம்பில் வைட்டமின் பி1 குறைந்து போய், புதிதாக எதையும் நினைவில் வைத்துக் கொள்ள முடியாமல் போன ஒரு குடும்பத் தலைவரைப் பற்றியது. இன்று நடந்தது நாளைக்கு அவருக்கு இல்லை. மனைவிதான் தினமும் நினைவுபடுத்தணும்.

அதனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஞாபகம் நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். அந்தப் படத்திலேயே மூன்று நாள் அவகாசம் தருகிறார்களே!