1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாக
(வளரிளம் மனம் – 9)

மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு அணிந்த நடுவர்கள். யாரும் சிரிப்பதில்லை, தலையாட்டுவதுகூட இல்லை. எதிரே மைக், பக்கத்தில் கேமரா. முதலில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேச்சு பாதியில் நின்றுபோனால், "இன்னும் நேரம் இருக்கிறது" என்பார்கள். அடுத்த ஐந்து நிமிடம் கணக்கு. 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்: 1009, 996, 983... ஓரிடத்தில் பிசகினாலும், "தவறு. மறுபடி 1022-லிருந்து!"

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993-இல் வெளியான சோதனை இது. கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் மூவரும் வடிவமைத்தார்கள். பேச்சும் கணக்கும் சும்மா ஒரு சாக்குதான். அவர்களுக்கு வேண்டியது உமிழ்நீர். சோதனைக்கு முன்னும் பின்னும் அதைச் சேகரித்து, கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறர் முன்னால் மாட்டிக்கொண்ட உடல், அந்த இக்கட்டைச் சமாளிக்கச் சுரக்கும் சுரப்பு அது.

இதே சோதனைக்கு, தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பெண்களை உட்படுத்தினால் என்ன ஆகும்? ஹைடல்பர்க் நகரில் மிக்கேல் கேஸ் குழுவினர் பார்த்தார்கள். இவ்வளவு கொந்தளிக்கும் பிள்ளைகளுக்குக் கார்டிசால் எகிறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2012-இல் வந்த முடிவு நேர்மாறானது. மற்ற பெண்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே ஏறியிருந்தது. குழுவுக்கு 14 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. இதை வைத்து எல்லோரையும் எடைபோட முடியாது. ஆனால், நெடுநாள் நெருக்கடியில் கிடந்த உடலின் எச்சரிக்கை அமைப்பே மந்தமாகிவிடலாம் என்ற விளக்கத்தை இது முன்வைக்கிறது. திட்டும்போது அசையாமல் நிற்கும் பிள்ளையை 'நெஞ்சழுத்தம்' என்று சொல்லிவிடுகிறோமே, அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

பிறர் முன்னால் நிற்கவே அஞ்சும் கூச்ச நோய் உள்ள பதின்வயதினரிடம் கதை வேறு. நெஞ்சு படபடக்கிறது, முகம் சிவக்கிறது என்று அவர்கள் சொல்லும் அளவுக்கு உடலை அளக்கும் கருவியில் வித்தியாசம் தெரிவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. உடலின் ஒவ்வொரு துடிப்பையும் காவல் காப்பதால், சாதாரணப் படபடப்பும் அவர்களுக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

இந்த இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் தரும் மருந்து ஒன்றே: "அடக்கிக்கொள்." அதன் விலையை உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1997-இல் காட்டினார்கள். சோகமான படத்தைப் போட்டு, முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று சொன்னார்கள். பார்த்த பெண்களின் முகம் அடங்கியது. சோகம் குறையவில்லை, ரத்த நாளங்களும் இதயமும் கூடுதலாகத்தான் உழைத்தன. இது வயதுவந்தவர்களிடம் நடந்த ஆய்வு. அவர்களுக்கே இப்படியென்றால், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது எவ்வளவு பெரிய சுமை!

மார்ஷா லினஹான் இந்தக் கொந்தளிப்பைத் தானே அனுபவித்தவர். 1961-இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். பின்னாளில் உளவியலாளராகி, டிபிடி என்ற சிகிச்சையை உருவாக்கினார். தன் கதையை 2011-இல்தான் வெளியே சொன்னார். அவருடைய சிகிச்சை, கொந்தளிப்பின் உச்சத்தில் புத்திமதி சொல்வதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, குளிர்ந்த நீரில் முகத்தைச் சில விநாடிகள் அமிழ்த்தச் சொல்கிறது. நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயல் நம் எல்லோருக்கும் உண்டு. அதைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். இதயக் கோளாறோ உணவு உண்ணுதல் சார்ந்த நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

உடல் சற்றுத் தணிந்த பிறகுதான் பேச்சு. பதின்வயதினருக்கான டிபிடி வகுப்பில் பெற்றோரும் கூடவே உட்கார்ந்து அதே பயிற்சிகளைக் கற்கிறார்கள். அமெரிக்காவில் 173 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆறு மாத சிகிச்சையின் முடிவில், டிபிடி பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சியும் சுயகாயமும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்தன. ஓராண்டு முடிவில் இந்த வித்தியாசம் மங்கியது. அந்த இன்னொரு குழுவினரும் வேறொரு சிகிச்சை பெற்றவர்கள்தான், அதற்குள் அவர்களும் தேறியிருந்தார்கள்.